நாடகக் கம்பெனிக்காரர் ஷேக்ஸ்பியர்

அன்புள்ள ஐயா,

எம்.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறேன். ஷேக்ஸ்பியர் பற்றிய ஒரு காணொளி எங்கள் வகுப்பில் எல்லார் கைபேசியிலும் சுற்றுகிறது. கையுறை தைப்பவரின் மகன், பல்கலைக்கழக வாசலை மிதிக்காதவர், உயிலில் ஒரு புத்தகத்தைக்கூடக் குறிப்பிடாதவர். இப்படிப்பட்டவரால் அரசவையையும் இத்தாலியையும் எழுதியிருக்கவே முடியாது, ஆக்ஸ்ஃபோர்டு பிரபு எட்வர்ட் டி வியர்தான் எழுதி இவர் பெயரில் வெளியிட்டார் என்கிறார்கள். பாதிப்பேர் நம்பிவிட்டார்கள். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

ச.

அன்புள்ள ச.,

நான் துளியும் நம்பவில்லை. டி வியர் 1604இல் இறந்துவிட்டார். ‘தி டெம்பெஸ்ட்’ நாடகமோ, 1609இல் பெர்முடா தீவருகே ஓர் ஆங்கிலக் கப்பல் உடைந்த செய்தியைக் கையில் வைத்துக்கொண்டு எழுதப்பட்டது. இந்த ஒன்றே போதும். ஆனால் உங்கள் நண்பர்களை உறுத்துவது தேதி அல்ல, ஷேக்ஸ்பியரின் பிறப்பு. அதனால் அதையும் பேசிவிடலாம்.

அவர் காலத்து நாடகாசிரியர்கள் யார் பிள்ளைகள்? கிறிஸ்டோஃபர் மார்லோவின் அப்பா செருப்புத் தைப்பவர். பென் ஜான்சனை வளர்த்த மாற்றாந்தந்தை கொத்தனார். ஜான்சனும் பல்கலைக்கழகத்தில் படித்தவரல்ல; ஆனாலும் அந்தத் தலைமுறையின் பெரிய படிப்பாளி என்று பெயர் வாங்கினார். அவர் எழுதியதை வேறொரு பிரபு எழுதினார் என்று யாரும் கிளம்பவில்லை. ஷேக்ஸ்பியரின் அப்பா, சொந்த ஊரான ஸ்ட்ராட்ஃபோர்டின் நகர்த் தலைவராகவே இருந்தவர். அந்த ஊர்ப் பள்ளியில் காலை முதல் மாலை வரை லத்தீன்தான். ஓவிட், டெரன்ஸ் என்ற பழைய ரோமானியக் கவிஞர்கள் எல்லாம் பையன்கள் மனப்பாடமாகச் சொல்ல வேண்டிய பாடங்கள். உழைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இவ்வளவு அறிவு வராது என்பது ஆராய்ச்சி இல்லை, மேட்டிமைத்தனம். அதைக் கேட்டால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

இத்தாலி விஷயமும் அப்படித்தான். ‘தி விண்டர்ஸ் டேல்’ நாடகத்தில் பொஹீமியாவுக்குக் கடற்கரை வருகிறது. அந்த நாட்டுக்கு அருகில் கடலே கிடையாது என்று ஜான்சனே கேலி செய்திருக்கிறார். இத்தாலியின் உள்நாட்டு ஊர்களான வெரோனாவிலிருந்து மிலானுக்குக் கப்பலேறப் போகிறவரும் ஒரு நாடகத்தில் உண்டு. இதெல்லாம் ஊர் ஊராகச் சுற்றிய பிரபுவின் அறிவு போலவா இருக்கிறது? கையில் கிடைத்த கதைப்புத்தகத்தை வைத்து வேகமாக எழுதுகிறவரின் வேலை போலத்தான் இருக்கிறது.

சரி, அந்த வேகம் எதற்கு? இதற்குப் பதில் லண்டன் நாடக அரங்குகளில் இருக்கிறது. அன்றைய கம்பெனிகள் ஒரே நாடகத்தை நாள்கணக்கில் ஓட்டுவதில்லை. இன்றைக்கு ஒன்று, நாளைக்கு வேறொன்று. ஒரு பென்னி கொடுத்து நின்றுகொண்டு பார்க்கிற கூட்டத்தை மறுபடி வரவைக்கப் புதுச் சரக்கு வந்துகொண்டே இருக்க வேண்டும். ஷேக்ஸ்பியர் 1594 முதல் லார்டு சேம்பர்லின் என்ற நாடகக் கம்பெனியில் நடிகர், நாடகாசிரியர், பங்குதாரர். 1598 டிசம்பர் கடைசியில், குத்தகைத் தகராறில் சிக்கிய தங்கள் பழைய அரங்கைக் கம்பெனிக்காரர்கள் ஆள் வைத்துப் பிரித்தார்கள். அந்த மரங்களைத் தேம்ஸுக்குத் தெற்கே கொண்டுபோய் 1599இல் ‘குளோப்’ அரங்கைக் கட்டினார்கள். அதில் பத்தில் ஒரு பங்கு ஷேக்ஸ்பியருடையது. கூட்டம் வராவிட்டால் அவர் பணமும்தான் போகும்.

இப்போது ஒரே ஒரு பக்கத்தைப் பாருங்கள். ‘மச் அடு அபௌட் நத்திங்’ 1600இல் அச்சானது. நான்காம் அங்கம், இரண்டாம் காட்சி. டாக்பெரி என்கிற அசட்டுக் காவல் அதிகாரி கைதிகளை விசாரிக்கிறான். வசனத்துக்கு முன்னால் ‘டாக்பெரி’ என்று இருக்க வேண்டிய இடத்தில் ‘கெம்ப்’ என்று அச்சாகியிருக்கிறது. அவன் கூட்டாளி வெர்ஜஸ் பேசும் இடத்தில் ‘கௌலி’. வில் கெம்ப், ரிச்சர்ட் கௌலி இருவரும் அதே கம்பெனியின் நடிகர்கள். எழுதுகிறவர் மனதில் பாத்திரமே இல்லை, கெம்ப் மேடையில் நின்று உளறுவதுதான் ஓடுகிறது. தூரத்து மாளிகையிலிருந்து ரகசியமாக எழுதி அனுப்புகிற பிரபுவின் கை இப்படி எழுதுமா?

கோமாளி வேடம் போடும் கெம்ப் 1599வாக்கில் கம்பெனியை விட்டுப் போனார். அவர் இடத்துக்கு ராபர்ட் ஆர்மின் வந்தார். இவர் வேறு ரகம், நன்றாகப் பாடுவார். அப்புறம் பாருங்கள், நாடகங்களில் கோமாளியே மாறிப்போகிறான். ‘ட்வெல்ஃப்த் நைட்’ நாடகத்தின் ஃபெஸ்டி பாடுகிறான். லியர் மன்னனின் கோமாளி, சிரிக்கவைத்துக்கொண்டே மன்னனின் நெஞ்சில் குத்துகிறான். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. ஆள் மாறினால் எழுத்தும் மாறுகிறது.

இன்னொன்று. அன்று நடிகர்களுக்கு முழு நாடகத்தையும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள். அவரவர் வசனமும், அதற்கு முன்னால் மற்றவர் பேசி முடிக்கும் கடைசிச் சில சொற்களும் மட்டும் ஒரு காகிதச் சுருளில் இருக்கும். ‘எ மிட்சம்மர் நைட்ஸ் ட்ரீம்’ நாடகத்தில் ஃப்ளூட் என்பவன் ஒத்திகையில் தன் வசனத்தை மூச்சுவிடாமல் மொத்தமாக ஒப்பித்துவிடுகிறான், அந்தக் குறிப்புச் சொற்களையும் சேர்த்து! ஒத்திகை நடத்தும் பீட்டர் குவின்ஸ் தலையில் அடித்துக்கொள்ளாத குறை. இது ஒத்திகையில் நின்று அல்லாடியவர் எழுதுகிற நகைச்சுவை.

கடைசியாக அந்த உயில். அதில் புத்தகம் இல்லை என்று சொல்பவர்கள் இன்னொரு வரியையும் படிக்க வேண்டும். ஹெமிங்ஸ், பர்பேஜ், காண்டெல் என்ற மூன்று சக நடிகர்களுக்கு மோதிரம் வாங்கிக்கொள்ள ஆளுக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதிவைத்திருக்கிறார். பர்பேஜ் 1619இல் இறந்தார். மற்ற இருவரும் 1623இல் 36 நாடகங்களைத் திரட்டிப் பெரிய தொகுப்பாகக் கொண்டுவந்தார்கள். அவற்றில் பாதி அதுவரை அச்சேறாதவை. ‘மேக்பெத்’ அவற்றில் ஒன்று. முன்னுரையில் அவரைத் தங்கள் நண்பர் என்றே குறிப்பிடுகிறார்கள். வருடக்கணக்கில் அவரோடு மேடையேறியவர்கள் அவர்கள். யார் எழுதிக் கொடுத்த வசனத்தைப் பேசினோம் என்பது அவர்களுக்குத் தெரியாதா? உங்கள் வகுப்பில் இதைக் கேளுங்கள்.