மூளையில் இரும்பு, தட்டில் கீரை

கேள்வி: என் அப்பாவுக்கு 66 வயது. ஓராண்டாக வலது கை நடுங்குகிறது, பார்க்கின்சன் என்கிறார்கள். எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘இரும்புப் படிவு’ என்றிருப்பதைப் படித்ததிலிருந்து முருங்கைக்கீரையைத் தொடுவதில்லை. இரத்தசோகைக்குத் தந்த இரும்பு மாத்திரையையும் நிறுத்திவிட்டார். இது சரியா?
– வாசகி, கும்பகோணம்

பதில்: சரியில்லை அம்மா. மாத்திரை எழுதித் தந்த மருத்துவரிடம் இன்றே பேசுங்கள். இரத்தத்தில் ஓடும் இரும்பு வேறு, மூளையில் தங்கும் இரும்பு வேறு. கீரையை ஒதுக்குவதால் அந்தப் படிவு கரையாது.

முப்பது ஆண்டுகளாக ஸ்கேன் படங்கள் பார்த்தவள் நான். ‘இரும்பு’ என்ற ஒரு சொல் எத்தனை வீடுகளில் அடுப்பங்கரை வரை போய்விடுகிறது!

மூளைத்தண்டின் மேற்பகுதியில், டோபமின் சுரக்கும் செல்கள் உள்ள கருந்திட்டு என்ற பகுதியை மூன்று டெஸ்லா (காந்த வலிமையின் அளவு) எம்.ஆர்.ஐ. கருவியில் பார்த்தால், நலமானவர்களுக்குக் கறுப்புக்கு நடுவே மெல்லிய வெள்ளைக் கீற்று தெரியும். தகைவிலான் குருவியின் பிளந்த வால் போலவே இருக்கும். பார்க்கின்சனில் பெரும்பாலும் அந்தக் கீற்று மறைந்து, முழுவதும் கறுத்துவிடும். ஃபெரிட்டின் புரதத்தில் அடைபட்ட இரும்பு சுற்றியுள்ள காந்தப்புலத்தைக் கலைப்பதால் அங்கிருந்து கருவிக்கு வரும் சமிக்ஞை சீக்கிரம் மங்குகிறது. எவ்வளவு வேகமாக மங்குகிறது என்று கணக்கிட்டு இரும்பின் அளவை ஊகிக்கிறோம். சுண்ணாம்புப் படிவும் கறுப்பாகவே தெரியும். ஆனால் அது புலத்தை எதிர்த்திசையில் திருப்புவதால், காந்தத்தன்மையை அளந்து படமாக்கும் க்யூ.எஸ்.எம். முறையில் இரண்டையும் பிரித்துவிடலாம்.

மூளையில் இரும்பு இருப்பதே நோயல்ல. ஸ்வீடனின் ஹால்கிரென், சூராண்டர் இருவரும் 1958இல் இறந்தவர்களின் மூளைகளைச் சோதித்தபோது, மூளையின் ஆழத்திலுள்ள குளோபஸ் பாலிடஸ் பகுதியில் 100 கிராம் திசுவுக்குச் சராசரி 21 மி.கி. இரும்பு இருந்தது, அவர்களுக்கு மூளை நோய் இருந்ததில்லை. வயதோடு ஒப்பிடாமல் ‘அதிகம்’ என்று சொல்லிவிட முடியாது.

இரும்பை வெளியேற்றினால் குணமாகும் என்று நானும் நம்பியிருந்தேன். 2022இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில், பார்க்கின்சனுக்கான முக்கிய மருந்தான லெவோடோபாவைத் தொடங்காத 372 நோயாளிகளில் ஒரு பாதிக்கு, இரும்பை வெளியேற்றும் டெஃபெரிப்ரோன் மருந்தை 36 வாரம் கொடுத்தார்கள். எம்.ஆர்.ஐ.யில் இரும்பு குறைந்தது. நோய்க்குறிகளோ, மருந்தில்லாதவர்களைவிட மோசமாயின. அதைப் படித்த அன்று மனம் கனத்துப்போனது. படத்தில் கறுப்பு குறைவதும் நோயாளி தேறுவதும் ஒன்றல்ல.

அப்பா லெவோடோபா சாப்பிட்டால் மட்டும் ஒரு கவனம்: இரும்பு மாத்திரை அதைக் குடல் உறிஞ்சுவதைக் குறைத்துவிடும். இரண்டுக்கும் நடுவே குறைந்தது இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள். கீரையைத் தாராளமாகச் சமையுங்கள்.