கையில் 30 பங்கு, மென்பொருளில் மைனஸ் 30

கேள்வி: எட்டு ஆண்டுகளாகப் பங்குகளில் முதலீடு செய்து வருகிறேன். நடுவில் தரகு நிறுவனத்தை மாற்றினேன். வரிக் கணக்குக்காக இரண்டு நிறுவனங்களின் வர்த்தக வரலாற்றையும் சிஎஸ்வி கோப்புகளாக (காற்புள்ளியால் பிரித்த அட்டவணைகளாக) இறக்கி, போர்ட்ஃபோலியோ மென்பொருள் ஒன்றில் ஏற்றினேன். மென்பொருள் காட்டும் மூலதன ஆதாயமும் (பங்குகளை விற்றதில் கிடைத்த லாபமும்) தரகு நிறுவனத்தின் அறிக்கையும் ஒத்துப்போகவே இல்லை. என் கையில் 30 பங்குகள் இருக்கும் ஒரு நிறுவனத்துக்கு மென்பொருள் மைனஸ் 30 என்கிறது. தாக்கல் செய்ய வேண்டிய நாள் நெருங்குகிறது. எதை நம்புவது?

பதில்: இப்போதைக்கு இரண்டையுமே நம்பாதீர்கள். ஆதாயத் தொகையைப் பார்ப்பதையும் நிறுத்துங்கள். முதலில் சரிபார்க்க வேண்டியது பங்குகளின் எண்ணிக்கை. அது ஒத்துப்போகாதவரை அதற்கு மேல் வரும் லாப நஷ்டக் கணக்கு எதுவும் காலணா பெறாது.

அந்த மைனஸ் 30 உங்களுக்குத் தலைவலியாகத் தெரியலாம். எனக்கு அதுதான் நல்ல துப்பு. விவரம் நீங்கள் எழுதவில்லை, ஆனால் இப்படி நடந்திருக்கும் என்று ஊகிக்கிறேன். 20 பங்குகளை 400 வீதம் வாங்கினீர்கள், அடக்கவிலை 8,000. பிறகு அந்த நிறுவனம் ஒரு பங்கை நான்காகப் பிரித்தது. கையில் 80 பங்குகள், ஒன்றின் அடக்கவிலை 100. அதில் 50-ஐ 150 வீதம் விற்றீர்கள். வந்தது 7,500, அடக்கம் 5,000, லாபம் 2,500. மீதி 30.

மென்பொருளுக்கு இந்தக் கதை தெரியாது. அதற்குத் தெரிந்தது 20 வாங்கியதும் 50 விற்றதும் மட்டுமே. இருந்த 20-ஐ 400 அடக்கத்தில் கழித்து 5,000 நஷ்டம் என்று எழுதும். இல்லாத 30-ஐ ஷார்ட் செல்லிங், அதாவது கையில் இல்லாத பங்கை விற்றது, என்று எடுத்துக்கொள்ளும், அல்லது அடக்கவிலை பூஜ்ஜியம் என்று வைத்து 4,500 லாபம் போடும். 2,500 லாபம் வந்த இடத்தில் 500 நஷ்டம்!

வர்த்தகக் கோப்பில் நீங்கள் வாங்கியதும் விற்றதும்தான் இருக்கும். உங்களைக் கேட்காமல் நடந்தவை, அதாவது பங்குப் பிரிப்பு, போனஸ் பங்கு, நிறுவன இணைப்பு, பிரிந்து உருவான புது நிறுவனத்தின் பங்கு ஆகியவை, பெரும்பாலும் அதில் இருப்பதில்லை. ஆப்பிள் 2020 ஆகஸ்டில் ஒன்றை நான்காகப் பிரித்தது. என்விடியா 2024 ஜூனில் ஒன்றைப் பத்தாக்கியது. அன்று அந்தப் பங்கை வைத்திருந்தவர் யாரும் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. அந்தப் பதிவை நீங்கள்தான் கையால் சேர்க்க வேண்டும். சேர்க்கும் முன் மென்பொருள் தானாகவே பிரிப்பைச் சேர்த்திருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு முறை பிரித்தால் 80 பங்கு 320 ஆகிவிடும்.

பெயர் மாற்றமும் இதே வகைதான். ஃபேஸ்புக் பங்கின் குறியீடு 2022 ஜூன் 9 அன்று எஃப்பி-யிலிருந்து மெட்டா ஆனது. பழைய குறியீட்டில் வாங்கி, புதியதில் விற்றவருக்கு மென்பொருள் இரண்டு நிறுவனங்களைக் காட்டக்கூடும். கோப்பில் ஐசின் எண், அதாவது ஒரு பங்கை அடையாளம் காட்டும் 12 எழுத்துக் குறி, இருந்தால் அதைக் கொண்டே பொருத்துங்கள். மெட்டாவுக்கு அது மாறவில்லை. ஆனால் பிரிப்பு, இணைப்புகளின்போது ஐசினே மாறுவதும் உண்டு.

அடுத்து, தரகு நிறுவனத்தை மாற்றியது. பழைய கணக்கிலிருந்து பங்குகள் வெளியேறியது விற்பனை அல்ல. புதிய கணக்கில் நுழைந்தது கொள்முதலும் அல்ல. மென்பொருளில் இதற்கென்று பரிமாற்றம் என்ற வகை இருக்கும். அதைத்தான் பயன்படுத்த வேண்டும். புதிய நிறுவனத்துக்குப் பழைய கொள்முதல் விலை தெரியாமல் இருக்கலாம். மாற்றிய அன்றைய சந்தை விலையையோ பூஜ்ஜியத்தையோ போட்டிருப்பார்கள். அவர்களுடைய அறிக்கை தப்பாக இருக்க இது ஒன்றே போதும். முதன்முதலில் வாங்கிய நாளும் விலையும்தான் செல்லும். சந்தேகம் வந்தால் கடைசிச் சொல் அன்றைய கான்ட்ராக்ட் நோட்டுக்கு, அதாவது வர்த்தகத்தை உறுதிசெய்து தரகு நிறுவனம் தரும் சீட்டுக்கு.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது. 03/04/2021 என்பது ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? நாளும் மாதமும் இடம் மாறிப் படிக்கப்பட்டால், 12-ஆம் தேதிக்கு மேற்பட்ட பதிவுகளை மென்பொருள் ஏற்க மறுத்துக் கூச்சல் போடும். முதல் 12 நாட்களின் வர்த்தகங்கள் மட்டும் சத்தமில்லாமல் தவறான மாதத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். வாங்குவதற்கு முன்பே விற்றதாகக் கணக்கு வருவது இப்படித்தான்.

சிஎஸ்வி கோப்பை எக்செலில் திறந்து சேமித்தீர்களா? அது ஓர் எண்ணில் 15 இலக்கங்களுக்கு மேல் நினைவில் வைக்காது, மிச்சத்தைப் பூஜ்ஜியமாக்கிவிடும். நீளமான வர்த்தக எண்கள் ஒன்றுபோல ஆகிவிட்டால், மென்பொருள் அவற்றை நகல் என்று நினைத்து உண்மையான வர்த்தகங்களைத் தள்ளிவிடக்கூடும். இறக்கிய கோப்பை அப்படியே பத்திரப்படுத்திவிட்டு, பிரதியில் வேலை செய்யுங்கள். நானும் ஒருமுறை சூடுபட்டவன்: காலம் மேற்பொருந்தும் இரண்டு கோப்புகளை ஏற்றி, மூன்று மாத வர்த்தகத்தை இரட்டிப்பாக்கி, லாபத்தைப் பார்த்து அரை நாள் மகிழ்ந்திருந்தேன்.

இத்தனையும் சரியான பிறகும் தொகை இடிக்கலாம். அப்போது கணக்கிடும் முறையைப் பாருங்கள். அமெரிக்காவில் எப்போது வாங்கிய பங்கை விற்கிறோம் என்று குறிப்பிடாவிட்டால் முதலில் வாங்கியதே முதலில் விற்றதாகும். கனடாவில் சராசரி அடக்கவிலை. பிரிட்டனில் அதே நாளில் வாங்கியவை, பிறகு அடுத்த 30 நாட்களில் வாங்கியவை, அதன்பின்தான் சராசரித் தொகுப்பு. மென்பொருளின் அமைப்பு நீங்கள் வரி கட்டும் நாட்டின் விதிப்படி இருக்கிறதா? ஆண்டு முடிவில் விற்றிருந்தால் இன்னொன்றும் உண்டு: அமெரிக்காவில் வர்த்தகம் நடந்த நாள் கணக்கு, கனடாவில் பணமும் பங்கும் கைமாறி முடிந்த நாள். கட்டணம் கழித்த தொகையோடு கட்டணத்துக்கும் தனி நெடுவரிசை இருந்தால், அது இருமுறை கழிக்கப்படவில்லையே என்றும் பாருங்கள்.

திருத்தித் திருத்திச் சிக்கலாக்காமல், ஏற்றியதை அழித்துவிட்டு வெற்றுக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். ஓர் ஆண்டின் கோப்பை ஏற்றி, அந்த ஆண்டு இறுதிக் கையிருப்பு அறிக்கையோடு பங்கு பங்காக எண்ணிக்கையை ஒப்பிடுங்கள். ஒத்துப்போனால் அடுத்த ஆண்டு. தவறு எந்த ஆண்டில் நுழைந்தது என்று அப்போதுதான் தெரியும்.

எட்டு ஆண்டுக்கும் இதைச் செய்ய நாள் போதாது என்றால், இந்த வரி ஆண்டில் விற்ற பங்குகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தச் சிலவற்றுக்கு மட்டும் முதல் கொள்முதலிலிருந்து முழு வரலாற்றையும் சரிசெய்து தாக்கல் செய்யுங்கள். விற்காதவற்றின் மூலதன ஆதாயக் கணக்கு இந்த ஆண்டுத் தாளுக்குத் தேவையில்லை. அவற்றைத் தாக்கல் முடிந்த பிறகு நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம்.