12 வயதுப் பசங்களைப் பின்னாலிருந்து பாஸ் பண்ணி ஆடப் பழக்கலாமா, இல்லை தூக்கி அடிக்கச் சொல்லலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். 12 வயதுக்குட்பட்ட கால்பந்து அணி, ஒரு பக்கத்துக்கு ஒன்பது பேர். கோல் கிக்கை (எதிரணி நம் கோல் கோட்டுக்கு வெளியே அடித்த பந்தை நம் கீப்பர் மறுபடி ஆட்டத்துக்குள் உதைப்பதை) தூக்கி அடிக்காமல், பக்கத்தில் நிற்பவனிடம் தட்டிப் பாஸ் பண்ணியே மேலேற வேண்டும் என்று பயிற்றுநர் பழக்குகிறார். மூன்றாவது பாஸுக்குள் பந்து பறிபோய்க் கோல் விழுகிறது. பெற்றோர் கத்துகிறார்கள். விட்டுவிடலாமா என்று கேட்கிறார்.

விட வேண்டாம் என்பேன். ஆனால் பாடம் யாருக்குப் போகிறது என்பதை மாற்றுங்கள். பந்து வைத்திருப்பவனுக்கு நீங்கள் நிறையச் சொல்லிவிட்டீர்கள். பந்து இல்லாதவனுக்கு யாரும் எதுவும் சொல்வதில்லை.

நான் மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் இதே வயதுப் பசங்களைப் பார்த்துக்கொள்கிறவன். பாதிப் பேர் டவுனில் தாமான்களில் (குடியிருப்புகளில்) இருக்கிறவர்கள், மீதிப் பேர் சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்து அப்பாவின் மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள். எங்கள் திடலில் கோல் வாங்கியதும் யாருக்குத் திட்டு விழுகிறது என்று கவனித்திருக்கிறேன். கடைசியாகப் பந்தைத் தொட்டவனுக்குத்தான். பாவம், அவன் தலையைத் தூக்கிப் பார்த்தபோது ஒருத்தன் எதிராளியின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்து நிற்கிறான், இன்னொருத்தன் மூன்றடி பக்கத்தில் வந்து நின்று "குடு, குடு" என்கிறான், மூன்றாமவன் வேடிக்கை பார்க்கிறான். பந்தைப் பறிகொடுத்தது இந்த மூன்று பேரும்தான்.

அடுத்த ஆட்டத்தில் இடது பக்கம் நிற்கும் சென்டர் பேக்கை, அதாவது நடுப் பின்வரிசைக்காரனை மட்டும் பாருங்கள். பந்தைக்கூடப் பார்க்க வேண்டாம். கீப்பர் அவனுக்குத் தட்டும்போது அவன் நெஞ்சு எந்தப் பக்கம் இருக்கிறது? பெரும்பாலும் கீப்பரை நேருக்கு நேர் பார்த்தபடி நிற்பான். பந்து வந்ததும் வலது காலால் மிதித்து நிறுத்துவான். அந்த நேரத்தில் அவன் கண்ணுக்குத் தெரிவது நம்முடைய கோல் கம்பம் மட்டும்தான். திரும்பி முன்னால் பார்ப்பதற்குள் எதிரணி ஸ்ட்ரைக்கர் மேலே விழுந்துவிடுவான். அதே பையன் முதுகை இடது எல்லைக்கோட்டுக்குக் காட்டி, இடுப்பைத் திறந்து நின்றால் கீப்பரும் தெரியும், ஓடி வருகிறவனும் தெரியும். வரும் பந்தை உடம்புக்குக் குறுக்கே உருள விட்டு, தள்ளி இருக்கும் இடது காலில் வாங்கினால் அந்த ஒரு தொடுதலிலேயே முன்னோக்கித் திரும்பிவிடுவான். கீப்பரும் அந்த இடது காலைக் குறிவைத்துத்தான் தட்ட வேண்டும், அதுவும் கொஞ்சம் அழுத்தமாக. பயந்து பயந்து தடவிக் கொடுக்கிற பாஸ்தான் பாதி வழியில் அகப்பட்டுக்கொள்ளும்.

அடுத்தது எட்டிப் பார்ப்பது. பந்து வருவதற்கு முன்னால் தோளுக்கு மேல் ஒரு பார்வை. இதை "பாருடா, பாருடா" என்று கத்தி வரவழைக்க முடியாது. நாங்கள் செய்வது: வாங்குகிறவனுக்குப் பின்னால் ஒரு பையனை நிறுத்தி, அவன் கையில் சிவப்பு, மஞ்சள் என்று இரண்டு பனியன். பந்து உருண்டு வரும்போது அவன் ஒன்றைத் தூக்குவான். வாங்குகிறவன் பந்தைத் தொடுவதற்குள் நிறத்தைச் சொல்ல வேண்டும். முதலில் சிரிப்பும் கும்மாளமுமாக இருக்கும், பந்து காலுக்கடியில் நழுவிப் போகும். பழகிய பிறகு பனியனை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் நிஜமாகவே பறிக்க வரும் ஒருத்தனை விடுங்கள். சிவப்பு என்றால் ஆள் வருகிறான், ஒரே தொடுதலில் திருப்பிக் கொடு. மஞ்சள் என்றால் ஆள் இல்லை, திரும்பு. இப்படி அர்த்தம் வைத்துக்கொண்டால் ஆட்டத்துக்குள்ளும் வந்துவிடுகிறது.

இனி கணக்கு. எதிரணி கீப்பர் தன் கோலை விட்டு நம் பக்கம் வந்து பறிக்கப் போவதில்லை. ஆகவே நம்முடைய ஒன்பது பேருக்கு அவர்கள் எட்டுப் பேர்தான். எப்போதும் ஒருத்தன் சும்மா இருப்பான். பயிற்சியில் ஆட்டத்தை நிறுத்தி நான் கேட்கும் ஒரே கேள்வி: "இப்ப யாருடா சும்மா நிக்கிறான்?" இரண்டு ஸ்ட்ரைக்கர்கள் நம் இரண்டு சென்டர் பேக்குகளை ஒட்டிக்கொண்டால், நடுவில் நிற்கும் மிட்ஃபீல்டர் சும்மா இருக்கலாம். அவனையும் ஒருத்தன் பிடித்துக்கொண்டால் ஓரத்தில் ஒருத்தன் சும்மா இருப்பான். நேராக அவனுக்குக் கொடுக்க வழியில்லையா? மிட்ஃபீல்டருக்குக் கொடுத்து, அவன் திரும்பாமலேயே ஒரு தொடுதலில் ஓரத்துக்குத் தட்டிவிடலாம்.

எல்லாரையும் பிடித்துவிட்டார்களா? அப்படியானால் அவர்கள் மேலேறி வந்திருக்கிறார்கள், பின்னால் காலியாகக் கிடக்கிறது. அப்போது தூக்கி அடிக்கத்தான் வேண்டும். இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம், பாஸ் பண்ணி ஆடுவதை விரதம் மாதிரி நினைக்கும் பயிற்றுநர்கள் பெருகிவிட்டார்கள். தூக்கி அடித்தால் திட்டுகிறார்கள். யோசித்துத் தூக்கி அடிப்பது வேறு, பயத்தில் தூக்கி அடிப்பது வேறு. கோல் கிக்கிலிருந்து நேராகப் பந்தை வாங்குகிறவனுக்கு ஆஃப்சைடு (எதிரணிப் பின்வரிசையைத் தாண்டி நின்று பந்து வாங்கும் தவறு) கிடையாது என்பது நிறையப் பசங்களுக்குத் தெரிவதில்லை. வேகமாக ஓடும் ஒருத்தனை எதிரணிப் பின்வரிசைக்கும் பின்னால் கொண்டுபோய் நிறுத்துங்கள். அவனைப் பார்த்துக்கொள்ள ஒருத்தராவது அங்கேயே தங்க வேண்டும். பந்து அவனிடம் போகாவிட்டாலும் நம் பெட்டிக்கு (கோலுக்கு முன்னால் கோடு போட்ட பெனால்டி பகுதிக்கு) பக்கத்தில் நெருக்கடி குறையும்.

அதே சமயம், 11 வயதுப் பையன் தூக்கி அடிக்கும் கோல் கிக் எவ்வளவு தூரம் போய்விடும்? பாதித் திடலைத் தாண்டாது. எதிரணி ஆட்கள் எல்லாரும் அங்கேதான் காத்துக்கொண்டு நிற்பார்கள். "தூக்கி அடிச்சா சேஃப்" என்கிற அப்பாக்களிடம் இதை ஒரு தடவை பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

விதியையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். கோல் கிக் பெட்டியைத் தாண்டிய பிறகுதான் நம் ஆள் தொடலாம் என்பது பழைய விதி. விதிகளை வகுக்கும் ஐஎஃப்ஏபி அதை 2019 ஜூன் 1 முதல் மாற்றிவிட்டது. உதைத்த பந்து அசைந்தாலே ஆட்டத்தில் இருக்கிறது என்று அர்த்தம். நம் பசங்க பெட்டிக்குள்ளேயே வாங்கலாம், எதிரணி அதுவரை வெளியேதான் நிற்க வேண்டும். ஆனால் அவசரப்பட்டு, எதிரணிப் பையன் வெளியேற நேரம் கொடுக்காமல் தட்டினால், நடுவர் ஆட்டத்தை ஓட விடுவார், உள்ளே நிற்கும் அவனே பந்தைப் பறித்துக்கொள்ளலாம். ஆகவே கீப்பரை நிதானமாக ஒரு மூச்சு விட்டுவிட்டு உதைக்கச் சொல்லுங்கள். வார இறுதிக் கார்னிவல் போட்டிகளில் ஏற்பாட்டாளர்கள் தங்களுக்கென்று சில விதிகள் வைத்திருப்பார்கள். ஆட்டத்துக்கு முன்னாலேயே நடுவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

எங்கள் திடலில் ஒரு வேடிக்கை உண்டு. கோட்டுக்கு வெளியே நிற்கும் தாத்தாக்கள் "கீப்பருக்குத் தட்டுடா" என்பார்கள், அப்பாக்கள் "கீப்பருக்கு மட்டும் தட்டாதே" என்பார்கள். இரண்டுக்கும் காரணம் இருக்கிறது. தாத்தாக்கள் பார்த்து வளர்ந்தது ஆர். ஆறுமுகத்தை, 'ஸ்பைடர்மேன்' என்று பேரெடுத்த தேசியக் கோல் காவலரை. அந்தக் காலத்தில் பின்வரிசைக்காரன் காலால் தட்டிக்கொடுத்தாலும் கீப்பர் கையால் அள்ளிக்கொள்ளலாம். அதைவிடப் பத்திரமான பாஸ் கிடையாது. 1992இல் அந்த வழியை அடைத்துவிட்டார்கள். இப்போது கீப்பருக்கும் கால் வேண்டும், நிற்கத் தெரிய வேண்டும். பந்தைக் கொடுத்துவிட்டு கோல் வாய்க்கு நேரே நிற்காமல், கம்பத்துக்கு வெளியே, பாஸ் போன பக்கமாக இரண்டு மூன்று எட்டு நகர்ந்து நிற்கச் சொல்லுங்கள். திரும்பி வரும் பாஸ் தப்பினால் பந்து கோலுக்குள் போகாமல் கார்னருக்குப் போகும். இந்த ஒரு பழக்கம் மட்டும் நிறைய அழுகையைத் தவிர்க்கும்.

தோட்டத்துத் திடல்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. கோல் வாய் எப்போதும் புல் தேய்ந்து மண்ணாக இருக்கும். சாயங்கால மழைக்குப் பிறகு அங்கேதான் தண்ணீர் தேங்கும். காலையில் மாடு மேய்ந்திருந்தால் இன்னும் அழகு. அந்த இடத்தின் குறுக்கே பாஸ் போகக் கூடாது, பந்து நடுவழியில் நின்றுவிடும். ஆட்டத்துக்கு முன்னால் பசங்களோடு பெட்டியைச் சுற்றி நடந்து, எந்தப் பக்கம் பந்து ஓடுகிறது என்று உருட்டிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தில் மட்டும் பாஸ் பண்ணி மேலேறுங்கள். இரண்டு பக்கமும் சேறு என்றால் அன்றைக்குத் தூக்கி அடிக்க வேண்டியதுதான், அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

ஒரு பாதி பத்து நிமிடமே ஓடும் கார்னிவல் நாக்-அவுட் ஆட்டங்களில் இதைப் புதிதாகத் தொடங்காதீர்கள். ஒரு கோலில் வெளியே போய்விடும் இடத்தில் எந்தப் பையனுக்கும் கால் உதறும். ஈப்போவிலோ கோலகங்சாரிலோ தெரிந்த அணியைக் கூப்பிட்டு நட்பு ஆட்டம் வையுங்கள். அமெரிக்காவில் சின்னப் பசங்களின் ஏழு பேர் ஆட்டத்தில் பெட்டிக்கும் நடுக்கோட்டுக்கும் இடையே ஒரு கோடு போட்டு, கோல் கிக் சமயத்தில் எதிரணி அதற்குப் பின்னால் போய்விட வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள். நட்பு ஆட்டத்துக்கு வரும் அணியின் பயிற்றுநரிடம் பேசிக்கொண்டு நான்கு கூம்புகளை வைத்து நாமும் அதையே செய்யலாம். அவருக்கும் லாபம்தான், அவர் பசங்களும் கற்றுக்கொள்வார்கள். முதல் பாதி கோட்டோடு, இரண்டாம் பாதி கோடு இல்லாமல் ஆடிப் பாருங்கள்.

பெற்றோர் விஷயத்தில், ஆட்டத்துக்கு முன்னால் விளக்கம் கொடுப்பதால் ஒன்றும் ஆகாது, தலையாட்டிவிட்டு ஆட்டம் தொடங்கியதும் மறந்துவிடுவார்கள். அதிகம் கத்துகிற அப்பா யாரோ, அவர் கையில் ஒரு தாளும் பேனாவும் கொடுங்கள். "அண்ணே, கோல் கிக்கிலிருந்து பந்து நம்ம காலிலேயே நடுக்கோட்டைத் தாண்டினா ஒரு கோடு, வழியில பறிபோனா ஒரு புள்ளி, அவ்வளவுதான் வேலை" என்று சொல்லுங்கள். குனிந்து எழுதிக்கொண்டே கத்த முடியாது. பாதி ஆட்டத்தில் அந்தத் தாள் உங்களுக்கும் உதவும். புள்ளிகள் எல்லாம் எந்தப் பக்கத்தில் விழுந்தன என்று அவரையே கேளுங்கள், சரியாகச் சொல்வார்.