பழைய கார்ல ஈசிஎம் மாத்தறதப் பத்தி கேளுங்க, தெரிஞ்சத சொல்றனுங்க

வணக்கமுங்க. கோயமுத்தூர்ல கார் எலக்ட்ரிக்கல் பட்டறை வெச்சிருக்கறேன், ஈசிஎம் (இன்ஜினை ஓட்டற கம்ப்யூட்டர் பெட்டி, சுருக்கமா பெட்டின்னு சொல்றது) போர்டு ரிப்பேரும் பண்றது. எம்பிஎஃப்ஐ (கார்புரேட்டருக்குப் பதிலா இன்ஜெக்டர்ல பெட்ரோல் அடிக்கறது) வந்த காலத்து 800, ஜென், சான்ட்ரோ, ஐகான் வண்டியெல்லாம் இப்ப "ஈசிஎம் போச்சு"ன்னு வந்து நிக்குது, கழட்டி டேபிள்ல வெச்சுப் பாத்தா நெறைய பெட்டி நல்லாத்தான் இருக்குது. கேக்கறவங்க வண்டி, வருசம், சாவி போட்டா செக் இன்ஜின் லைட்டு வருதா, ஸ்கேனர் மாட்டுனா பெட்டியோட பேசுதா, இத்தனையும் சேத்திப் போடுங்க.

பல்லடம்: அண்ணா, 2002 மாருதி 800. செல்ஃப் அடிக்குது, ஸ்டார்ட் ஆகல. செக் இன்ஜின் லைட்டே வரல, ஸ்கேனர்லயும் ஒண்ணும் வரல. மெக்கானிக் ஈசிஎம் மாத்தோணும்ங்கறார். வாங்கிரட்டுமா?

வாங்காதீங்க. லைட்டும் இல்ல ஸ்கேனரும் பேசலைன்னா பெட்டி செத்திருக்கலாம், ஆனா பெட்டிக்குக் கரண்டே போகலைன்னாலும் இதே மாதிரிதான் இருக்கும். மொதல்ல ஃபியூஸ், மெயின் ரிலே (பெட்டிக்குக் கரண்டு விடற சுவிட்சு) பாருங்க. பெட்டிக்கு பேட்டரியிலிருந்து நேரா ஒரு 12 வோல்ட்டு, சாவி போட்டா ஒண்ணு, மெயின் ரிலே வழியா ஒண்ணு வரும், மூணையும் டெஸ்ட் லேம்ப் போட்டுப் பாருங்க, மீட்டர் மட்டும் போட்டா ஒரு நூலு தொங்கற வயர்ல கூட 12 காட்டும். அப்பறம் எர்த். மீட்டர் கருப்பு பேட்டரி நெகட்டிவ்ல, சிகப்பு பெட்டியோட எர்த் பின்னுல வெச்சு செல்ஃப் அடிக்கச் சொல்லுங்க, 0.2 வோல்ட்டுக்கு எச்சா வந்தா எர்த் சரியில்ல. பழைய வண்டில இன்ஜின்ல இருக்கற எர்த் போல்ட்டு துரு ஏறிப் போயிருக்கும், கழட்டி உப்புத்தாள் போட்டு முடுக்குனாலே வேலை முடிஞ்சுரும்.

இதெல்லாம் சரியா இருந்தா 5 வோல்ட்டு பாருங்க. த்ராட்டில் சென்சார், மேப் சென்சாருக்கெல்லாம் (இன்ஜின் இழுக்கற காத்தோட அழுத்தம் பாக்கறது) பெட்டிதான் 5 வோல்ட்டு குடுக்குது. அதுல ஒரு சென்சார் உள்ள ஷார்ட் ஆனா அந்த 5 வோல்ட்டே படுத்துரும், செல வண்டில பெட்டியே செத்த மாதிரி ஆயிரும். ஒவ்வொரு கப்ளரா கழட்டிட்டே வாங்க, எதக் கழட்டுனா 5 திரும்ப வருதோ அதுதான் ஆளு. எதைக் கழட்டியும் வரலைன்னா அந்த வயரையும் பாத்துட்டு, அதுக்கப்பறம் பெட்டியச் சொல்லுங்க.

தாராபுரம்: ஈசிஎம் போயிருச்சு, புதுசு எங்க கெடைக்கும்?

என்ன வண்டிங்க? யார் சொன்னா போயிருச்சுன்னு? எர்த் பாத்தீங்களா?

கோபி: ஜென் 2003ங்க. காத்தால நல்லா ஓடுது, சூடாச்சுன்னா ஆஃப் ஆயிருது, அரை மணி நேரம் நிறுத்துனா திரும்ப ஸ்டார்ட் ஆகுது. திம்பம் மலை ஏறும்போது ரெண்டு தடவ நின்னுருச்சு. போர்டுல ஈயம் விட்டிருக்கும்னு பட்டறைல சொல்றாங்க.

ஈயம் விட்டாலும், அதாவது போர்டுல ஒட்டுன எடம் விரிசல் விட்டாலும், இப்பிடித்தான் பண்ணும், ஆனா இன்ஜின் சுத்தறத பெட்டிக்குச் சொல்ற சென்சார் (கிராங்க், இல்ல கேம் சென்சார்) போனாலும் இதேதான். சூட்டுல உள்ள கட் ஆயி, ஆறுனா ஒட்டிக்கும். நின்ன உடனே, ஆற விடாம, ஸ்கேனர் மாட்டி செல்ஃப் அடிங்க. ஸ்கேனர் நல்லா பேசுது, ஆனா ஆர்பிஎம் பூஜ்யம் காட்டுதுன்னா மொதல்ல சென்சார், அதோட வயர். ஸ்கேனரே பேசலைன்னா, செக் லைட்டும் போச்சுன்னா, மெயின் ரிலே இல்லாட்டி பெட்டி. ரிலேல ஈயம் விடறது பழைய வண்டில சகஜமுங்க, அதைய மாத்திப் போட்டுப் பாக்காம பெட்டியத் தொடாதீங்க.

திருச்செங்கோடு: பழைய இண்டிகா டீசல், ஸ்டார்ட் ஆகல, ஈசிஎம் எங்க இருக்குது?

மெக்கானிக்கல் பம்ப் வண்டில இன்ஜினை ஓட்டறதுக்கு ஈசிஎம் கெடையாதுங்க. பம்புல இருக்கற ஸ்டாப் சொலனாய்டுக்கு 12 வோல்ட்டு வருதான்னு பாருங்க.

திருப்பூர்: அண்ணா தப்பா நெனைக்காதீங்க, இத்தனை செக் எல்லாம் வேண்டாம்ங்க. உக்கடத்துல அதே மாடல் பழைய பெட்டி வாங்கி மாட்டுனேன், வண்டி ஓடுது. கப்ளர் செட் ஆச்சுன்னா வேலை முடிஞ்சுது.

தம்பி, இதைய படிச்சுட்டு நாலு பேரு போயி பெட்டி வாங்குவாங்க, அதனால வெவரமாவே சொல்றேன். கப்ளர் ஒண்ணா இருந்தா பெட்டி ஒண்ணுன்னு ஆகாது. ஸ்டிக்கர்ல இருக்கற பார்ட் நம்பர் கடைசி எழுத்து வரைக்கும் ஒத்துப் போகோணும். ஏசி வண்டி, ஏசி இல்லாத வண்டி, கியர், ஆட்டோமேட்டிக், புகை விதி பாரத் 2, பாரத் 3, எல்லாத்துக்கும் உள்ள இருக்கற புரோக்ராம் வேற வேற. மாத்திப் போட்டா ஸ்டார்ட் ஆகும், ஓடும், ஆனா ஃபேன் சரியான சூட்டுல ஓடாது, மைலேஜ் கொறையும், அப்பறம் இன்ஜின் சூடேறி ஹெட்டு போச்சுன்னு வருவாங்க.

அதைய விட முக்கியம், உங்க பழைய பெட்டி எதனால செத்துதுன்னு கண்டுபுடிச்சீங்களா?

ஈரோடு: திருப்பூர்க்காரர் சொல்றது சரிதான், ரிப்பேர் பண்ணுன பெட்டி எல்லாம் ஆறு மாசத்துல திரும்ப வந்துருது. பழசானாலும் மாத்தறதுதான் நல்லது.

திரும்ப வர்றதுக்குக் காரணம் ரிப்பேர் இல்லீங்க, கொன்னது எதோ அது வண்டிக்குள்ளயே உக்காந்திருக்குது. இக்னிஷன் காயில் உள்ள ஷார்ட் ஆகியிருக்கும், செல வண்டில காயில ஓட்டற டிரான்சிஸ்டர் பெட்டிக்குள்ள இருக்குது, அது எரிஞ்சுரும். அதே காயில்ல நல்ல பெட்டிய மாட்டுனா அந்த டிரான்சிஸ்டரும் எரியும். இன்ஜெக்டரும் அப்பிடித்தான், இந்தப் பழைய பெட்ரோல் வண்டிகள்ல ஓம்ஸ் வெச்சா சுமாரா 12லிருந்து 16க்குள்ள காட்டோணும், ரெண்டு மூணுன்னு வந்தா அதைய ஓட்டற டிரான்சிஸ்டரைத் தின்னுரும். ஆல்டர்னேட்டர் 14 சொச்சத்துல நிக்கோணும், 15 தாண்டுனா ரெகுலேட்டர் போச்சு.

ரிப்பேருக்கு இன்னொரு நன்மை, நெறைய வண்டில உங்க சாவியோட கோடு உங்க போர்டுல எட்டுக் கால் சிப்புல இருக்குது. மாருதியில ஐகேட்ஸ்னு வந்ததே, அந்த மாதிரி இம்மொபிலைசர் (சரியான சாவி இல்லாம ஸ்டார்ட் ஆக விடாத திருட்டுப் பூட்டு) வண்டிக்கு வேற பெட்டி மாட்டுனா சாவிய ஏத்துக்காது, சிப்பையோ டேட்டாவையோ மாத்தி எழுதோணும். போர்டு கருகி ஓட்டை விழுந்திருந்தா மட்டும் பழைய பெட்டி தேடுங்க, அப்பவும் உங்க சிப்பைத் தூக்கிப் போட்றாதீங்க.

திருப்பூர்: அண்ணா, உங்க பேச்சுக்காக இப்பத்தான் மீட்டர் வெச்சுப் பாத்தேன். வண்டி ஸ்டார்ட்ல 15.6 காட்டுது. லைட்டு போட்டா 15.2.

வண்டிய நிறுத்துங்க தம்பி, இன்னைக்கே. மொதப் பெட்டி போனதுக்கு அதுவே காரணமா இருக்கலாம், இப்ப இருக்கற பெட்டியும் அதே கரண்டுலதான் ஓடுது. ரெகுலேட்டர மாத்திட்டு ஓட்டுங்க, பேட்டரில தண்ணி எறங்கியிருக்கும், அதையும் பாருங்க.

ஈரோடு: சரிங்ணா, இது ஒத்துக்கறேன். ஆனா ஒழுங்கா போர்டு வேலை பாக்கற ஆளு எங்க ஊர்ப் பக்கம் இல்லீங்களே.

அது நெசந்தான். பெட்டிய மட்டும் கழட்டி பார்சல்ல அனுப்பலாம், ஆனா ஒரு காயிதத்துல வண்டி என்ன பண்ணுச்சுன்னு எழுதி உள்ள வெய்யுங்க. தெர்மோகோல்ல சுத்தாதீங்க, ஸ்டேட்டிக் வரும்.

காங்கேயம்: ஸ்கேனர் பேசலண்ணா, ஈசிஎம் மாத்திரலாமா?

பல்லடத்துக்காரருக்கு எழுதுனத மேல படிங்க.

கரூர்: சைலன்சர் வெல்டிங் வெச்சதுக்கப்பறம் ஸ்டார்ட் ஆகலீங்க.

பேட்டரி டெர்மினல் கழட்டாம வெச்சிருப்பாங்க. மொதல்ல ஃபியூஸ்களைப் பாருங்க, அப்பறம் எர்த்து. வெல்டிங்னா ரெண்டு டெர்மினலும் கழட்டோணும், வெல்டிங் எர்த்த ஒட்டற எடத்துக்குப் பக்கத்துலயே குடுக்கோணும். 24 வோல்ட்டு லாரில இருந்து ஜம்ப் குடுக்கறதும் இதே கணக்குதான், குடுக்கவே கூடாது.

பொள்ளாச்சி: தோப்புல நிக்கற வண்டி, எலி வயரக் கடிச்சிருச்சு. ஈசிஎம்முக்கும் ஆபத்துங்களா?

வயர் ஷார்ட் ஆயிருந்தா ஆபத்துதான். ஒட்டற வரைக்கும் சாவி போடாதீங்க. முறுக்கி டேப் சுத்தாதீங்க, ஈயம் வெச்சு ஸ்லீவ் போடச் சொல்லுங்க.

மேட்டுப்பாளையம்: மழையில பெட்டிக்குள்ள தண்ணி போயிருச்சு, சுத்தம் பண்ணா வேலை செய்யுமுங்களா?

தண்ணி போன பெட்டிக்குக் கரண்டு குடுக்காம இருந்தீங்கன்னா நல்ல வாய்ப்பு. தெறந்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போட்டு மெல்ல பிரஷ்ஷால கழுவி, நல்லா காய வெச்சுப் பாருங்க. பச்சை பூத்திருந்தா லென்ஸ் வெச்சுத்தான் போர்டுல ஓடற செம்புத் தடத்தைப் பாக்கோணும், அது அந்துருக்கும். வைப்பருக்குக் கீழ இருக்கற வடிகால்ல எல அடைச்சிருக்கும், இல்ல ஏசி தண்ணிக் குழாய் உள்ள ஒழுகும், அதைய சரி பண்ணாம பெட்டிய மாட்டாதீங்க. 90கள்ல வந்த ஜப்பான் பெட்டின்னா கெப்பாசிட்டரும் ஒழுகியிருக்கும், மூடியத் தெறந்தா மீன் கவுச்சி அடிக்கும். அதுக்கு 105 டிகிரி போட்டதா, அதே மைக்ரோஃபேரட்ல, வோல்ட்டு கொறையாமப் பாத்துப் போடுங்க.

பெருந்துறை: பெட்டி மாத்துனதுக்கப்பறம் ஐடிலிங் ஏறி ஏறி எறங்குது.

த்ராட்டில் பாடிய சுத்தம் பண்ணி, பேட்டரி கழட்டி மாட்டி, ஏசி போடாம சூடாகற வரைக்கும் ஐடில்ல விடுங்க, கத்துக்கும். சரியாகலைன்னா எங்கியோ காத்து இழுக்குது.

அவினாசி: அண்ணா, இம்மொபிலைசரையே எடுத்துரலாமுங்களா?

பண்ண முடியும், நான் பண்றதில்லீங்க. சாவிய ஏத்துக்கலைன்னு கேட்டீங்கன்னா, உங்க ரெண்டாவது சாவி தேடிப் பாருங்க, அதுல ஸ்டார்ட் ஆச்சுன்னா பெட்டிக்கு ஒண்ணுமில்ல, மொதல் சாவியோட சிப்புதான் போச்சு.