வாசகர் கேள்வி: ஒதிலோன் ரெதோனின் முகங்களும் மலர்களும்

சென்ற இதழின் அட்டையில் பிரெஞ்சு ஓவியர் ஒதிலோன் ரெதோனின் (1840–1916) பூச்சாடி ஓவியம் ஒன்றை வெளியிட்டிருந்தோம். உள்ளே அவருடைய கரி ஓவியங்கள் இரண்டும் இடம்பெற்றிருந்தன. அவை குறித்து வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இம்முறை விடையளிக்கிறேன்.

அட்டையிலிருந்த மலர்களைக் கண்டு மனம் நிறைந்து பக்கத்தைப் புரட்டினால், மனித முகத்தோடு சிரிக்கும் சிலந்தி ஒன்று நிற்கிறது! இரண்டையும் வரைந்தவர் ஒருவரே என்று நம்ப முடியவில்லை. ஒரு கலைஞர் இவ்வளவு மாற முடியுமா?
— வாசகி, கும்பகோணம்

அந்தச் சிலந்தியை இன்னொரு முறை உற்றுப் பாருங்கள். எட்டுக்கால் பூச்சி என்று நாம் சொல்லிப் பழகிய உயிருக்கு ரெதோன் பத்துக் கால்கள் வைத்திருக்கிறார். உருண்டை உடம்பெங்கும் அடர்ந்த ரோமம். அதன் நடுவே பற்கள் தெரிய ஒரு சிரிப்பு. 1881ஆம் ஆண்டு கரியால் வரையப்பட்ட இப்படத்தில் ஒவ்வொரு ரோமமும் தனித்தனியே கவனித்து இழைக்கப்பட்டிருக்கிறது. இல்லாத ஒரு பிராணியை, கண் முன்னே இருப்பதைப் பார்த்து வரைவதற்குரிய பொறுமையோடு வரைந்திருக்கிறார். அட்டையில் நீங்கள் கண்ட மலர்களிலும் இருப்பது இதே பொறுமைதான். ஆகவே, அவர் மாறினார் என்பதைக் காட்டிலும், கையிலிருந்த பொருள் மாறியது என்று சொல்வதே பொருத்தம் என்பது என் கருத்து.

இதற்கான விதைகள் இளமையிலேயே விழுந்துவிட்டன. போர்தோ நகரில் பிறந்த ரெதோன் நோஞ்சான் குழந்தையாக இருந்ததால், பெற்றோரைப் பிரிந்து, மெதோக் பகுதியில் குடும்பத்துக்குச் சொந்தமான பெயர்லெபாத் பண்ணையில் முதிய உறவினர் ஒருவரின் பராமரிப்பில் வளர்ந்தார். திராட்சைத் தோட்டங்களும் தரிசு நிலமும் சூழ்ந்த அந்த இடத்தில் விளையாட்டுத் தோழர்கள் அதிகம் இல்லை. வானத்து மேகங்களைக் காட்டி, அவற்றில் மாறிக்கொண்டே இருக்கும் உருவங்கள் உனக்கும் தெரிகின்றனவா என்று தந்தை கேட்பார் என்று பிற்காலத்தில் அவரே எழுதியிருக்கிறார்.

இளைஞனான பிறகு அவருக்கு வாய்த்த பெரும் நட்பு, அர்மான் க்ளவோ என்னும் தாவரவியலாளருடையது. நுண்ணோக்கியின் அடியில் மட்டுமே புலப்படும் உயிர்களின் உலகத்தை ரெதோனுக்குத் திறந்துகாட்டியவர் அவர்தான். கவிஞர் போதலேரையும் அறிவியலாளர் டார்வினையும் படிக்கக் கொடுத்தவரும் அவரே. தாவரத்துக்கும் விலங்குக்கும் இடைப்பட்டு, நாளின் சில மணி நேரம் மட்டும் வெளிச்சம் பட்டு உயிர்த்தெழும் ஏதோ ஒன்றை க்ளவோ தேடிக்கொண்டிருந்ததாக ரெதோன் நினைவுகூர்கிறார். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொண்டு 1885ஆம் ஆண்டின் கல்லச்சுப் படம் (கல்லில் வரைந்து தாளில் அச்சிடுவது) ஒன்றைப் பாருங்கள். இருண்ட சதுப்பு நிலத்தில் ஒரு தண்டு எழுகிறது. அதன் நுனியில், பூ இருக்க வேண்டிய இடத்தில், துயரம் தோய்ந்த ஒரு மனிதத் தலை மங்கலாக ஒளிர்கிறது. முகமும் மலரும் அவரிடம் ஒரே செடியில் பூத்தவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. 1890இல் க்ளவோ தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். மறு ஆண்டு வெளியான ‘கனவுகள்’ என்ற கல்லச்சுத் தொகுப்பை ரெதோன் அந்த நண்பரின் நினைவுக்கே காணிக்கையாக்கினார்.

ஐம்பது வயது வரை கறுப்பில் மட்டுமே வரைந்தவர், பிறகு திடீரென்று வண்ணத்துக்கு வந்தார் என்று படித்தேன். மகன் பிறந்த மகிழ்ச்சிதான் காரணமாமே?
— வாசகர், மதுரை

இப்படிச் சொல்வது வழக்கமாகிவிட்டது, முழுவதும் சரியன்று. இருபதுகளிலிருந்தே ரெதோன் சிறிய நிலக்காட்சிகளை எண்ணெய் வண்ணத்தில் தீட்டிவந்தார். மெதோக்கின் வெளிகள், பிரித்தானி கடற்கரைகள், பாறைகள், வீட்டுச் சுவர்கள் ஆகியவை அவற்றில் உண்டு, பூக்களும் உண்டு. தமக்கான பயிற்சிகள் என்று கருதி அவற்றைத் தம்மிடமே வைத்துக்கொண்டதால், வெளியுலகுக்கு அவர் கறுப்பின் ஓவியராக மட்டுமே தெரிந்தார்.

அந்தக் கறுப்புக்கு அவர் கொடுத்த மரியாதை சாதாரணமானதன்று. பாரிஸில் ழெரோம் என்ற புகழ்பெற்ற ஓவியரிடம் 1864இல் படிக்கச் சென்று, அந்தக் கண்டிப்பான முறை ஒத்துவராமல் ஊர் திரும்பியவருக்கு, ரொதோல்ஃப் ப்ரெஸ்தேன் என்னும் செதுக்கோவியர் வழிகாட்டினார். 1870ஆம் ஆண்டுப் போரில் படைவீரராகப் பணியாற்றிவிட்டு வந்த பிறகு, கரியை அவர் முழுமையாகக் கைக்கொண்டார். சாயமேறிய தாளில் கரியை அடர்த்தியாகப் பூசி, துணியாலும் விரலாலும் துடைத்து, அழித்து, இருட்டுக்குள்ளிருந்து வெளிச்சத்தை மீட்டெடுப்பது அவர் முறை. இந்தப் படங்களை ‘என் கறுப்புகள்’ என்றே அழைத்தார். அவற்றைப் பல படிகள் எடுப்பதற்குக் கல்லச்சு முறையைச் சொல்லிக்கொடுத்தவர் ஃபான்தேன்-லத்தூர். அவரே அக்காலத்தின் சிறந்த மலர் ஓவியர்களுள் ஒருவர் என்பதை எண்ணும்போது எனக்கு வியப்பு அடங்குவதில்லை. 1879இல் வந்த முதல் தொகுப்பான ‘கனவுக்குள்’ 25 படிகள் மட்டுமே அச்சாயிற்று. 1884இல் உய்ஸ்மான்ஸ் தம் நாவலொன்றின் நாயகனுடைய வீட்டுச் சுவரில் ரெதோனின் படங்களை மாட்டிவைத்ததாக எழுதிய பிறகே இலக்கிய வட்டம் அவரைத் திரும்பிப் பார்த்தது.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1880இல் ரெதோன், ரெயூனியோன் தீவைச் சேர்ந்த கமீய் ஃபால்த் என்பவரை மணந்தார். 1886இல் பிறந்த முதல் மகன் ழான் சில மாதங்களிலேயே இறந்தான். 1889இல் இரண்டாம் மகன் அரி பிறந்தான். அடுத்த ஆண்டில்தான் ‘மூடிய கண்கள்’ என்ற சிறு எண்ணெய் ஓவியம் பிறக்கிறது. நீர்ப்பரப்பின் விளிம்புக்கு மேலே, தோள்வரை எழுந்து, சற்றே சாய்ந்திருக்கும் ஒரு தலை, கண்கள் மூடியிருக்கின்றன, துணியின் இழை தெரியும் அளவுக்கு வண்ணம் மெல்லியதாகத் தடவப்பட்டிருக்கிறது. அதுவரை அவருடைய படங்களில் பலூனாக மிதந்தும் வானத்தை வெறித்தும் நின்ற பெருங்கண் இங்கே இமை மூடி உள்நோக்குகிறது. 1904இல் பிரெஞ்சு அரசு இந்த ஓவியத்தை வாங்கியது.

மகனின் வரவு அவருடைய மனத்தை மலர்த்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு மனிதரின் இருபதாண்டு உழைப்பை ஒரே நிகழ்ச்சியில் அடக்குவது அவருக்கு நியாயம் செய்வதாகாது. 1890களின் பெரும்பகுதியும் கரியும், வண்ணத்தூளைக் குச்சியாக்கிய பேஸ்டலும் அவர் மேசையில் அருகருகே இருந்தன. கரிக் கோடுகளின் மேலேயே வண்ணத்தை ஏற்றிய படங்கள் பல. 1897இல் பெயர்லெபாத் பண்ணை கைமாறியது. கறுப்பின் ஊற்றாக இருந்த அந்த நிலம் போன பிறகு கரியின் பங்கு குறைந்துகொண்டே வந்தது. கடைசிக் கல்லச்சுத் தொகுப்பு 1899இல் வெளியானது. படிப்படியாக நிகழ்ந்த இந்த நகர்வே, திடீர் மாற்றம் என்ற கதையைவிட எனக்கு மதிப்புக்குரியதாகத் தோன்றுகிறது.

தோட்டக்கலை படித்தவன் நான். ரெதோனின் பூக்களில் சிலவற்றை என்னால் அடையாளம் காண முடிகிறது, சிலவற்றை முடியவில்லை. அவை கற்பனையா?
— வாசகர், உதகமண்டலம்

இரண்டும் கலந்தவை. அனிமோன், பாப்பி, நீலக் கார்ன்ஃபிளவர், ஜெரேனியம் போன்றவற்றை உங்களால் பெயர் சொல்லிவிட முடியும். பாரிஸுக்கு அருகே பியெவ்ர் என்ற ஊரில் குடும்பம் கோடைக்காலத்தைக் கழித்தபோது, தோட்டத்துப் பூக்களை கமீய் பறித்துவந்து சாடிகளில் அடுக்கிக்கொடுப்பார். ரெதோன் அவற்றைப் பார்த்து வரைவார். சாடிகளும் நிஜமானவைதாம். அவற்றுள் சில, அவருடைய நண்பரான மரி போத்கின் என்ற ரஷ்யக் குயக்கலைஞர் செய்தவை.

ஆனால் அந்தச் சாடி எதன்மேல் நிற்கிறது என்று தேடிப் பாருங்கள். மேசையின் விளிம்பு பெரும்பாலும் இருக்காது. நிழல் இருந்தாலும் லேசாகத்தான் இருக்கும். பின்னணியில் சுவரும் இல்லை, சன்னலும் இல்லை. வெளிர் சாம்பலோ இளஞ்சிவப்போ மூடுபனிபோலப் பரவியிருக்கும். கொத்தின் நடுவிலுள்ள பூக்களுக்கு இதழும் காம்பும் துல்லியமாக இருக்கின்றன. ஓரத்துக்குப் போகப் போக இதழ் கரைந்து, வெறும் ஆரஞ்சுத் தீற்றலாகவும் நீலப் புள்ளியாகவும் ஆகிவிடுகிறது. நீங்கள் பெயர் தெரியாமல் திகைத்தவை இந்த ஓரத்துப் பூக்களாகத்தான் இருக்கும். கண்டதும் நினைவில் நின்றதும் ஆகிய இரு கரைகள் சந்திக்கும் இடத்தில் வந்த மலர்கள் என்ற பொருளில் அவரே இவற்றைக் குறிப்பிட்டார்.

உருவப்படம் என்றால் ஆளைப்போல இருக்க வேண்டும். இவர் வரைந்த பெண்களைச் சுற்றிப் பூக்கள் மிதக்கின்றன. பணம் கொடுத்து வரையச் சொன்னவர்கள் இதை ஏற்றார்களா?
— வாசகி, யாழ்ப்பாணம்

ஏற்றார்கள், இதற்காகவே தேடி வந்தவர்களும் உண்டு. 1910ஆம் ஆண்டின் வயொலெத் ஹேமன் உருவப்படம் இப்போது அமெரிக்காவில் கிளீவ்லாந்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பக்கவாட்டுத் தோற்றத்தில் அமர்ந்திருக்கும் இளம்பெண்ணின் நெற்றி, மூக்கு, மோவாய் ஆகியவை ஒரே சீரான கோட்டில் வரையப்பட்டிருப்பதால், ஆளை அறிந்தவர் உடனே அறிந்துகொள்வார். அவளுக்கு எதிரே பூக்கள் பெரும் திரளாக எழுகின்றன. அவை எந்தச் சாடியிலும் இல்லை, எந்தக் கிளையிலும் இல்லை. அவள் பார்ப்பதா, எண்ணுவதா என்று ஓவியர் சொல்லவில்லை. முகத்தை உள்ளபடி கொடுத்துவிட்டு, அந்த முகத்துக்குள் நடப்பதைப் பூக்களிடம் விட்டுவிடுகிறார். உருவ ஒற்றுமையை அவர் கைவிடவில்லை என்பதைத்தான் இதில் முக்கியமாகக் கருதுகிறேன்.

கதைமாந்தரை வரையும்போது அவர் இன்னும் தூரம் செல்கிறார். லண்டன் நேஷனல் கேலரியில் உள்ள ‘மலர்களினிடையே ஒஃபீலியா’ (ஷேக்ஸ்பியரின் ‘ஹாம்லெட்’ நாடகத்தில் நீரில் மூழ்கி இறக்கும் பெண்) என்ற பேஸ்டல், நிமிர்ந்து நிற்கும் மலர்க்கொத்தாகத் தொடங்கி, தாளைக் கிடைமட்டமாகத் திருப்பியபின் நீரில் மிதக்கும் பெண்ணாயிற்று என்பது ஆய்வாளர்கள் கருத்து. நெதர்லாந்தின் ஓட்டர்லோவில் இருக்கும் ‘சைக்ளப்ஸ்’ ஓவியத்திலோ, மலைக்குப் பின்னாலிருந்து ஒற்றைக் கண் அரக்கன் எட்டிப் பார்க்கிறான்; கீழே பூஞ்சரிவில், கிரேக்கக் கதையில் அவன் காதலித்த கலத்தியா என்னும் நீரணங்கு துயில்கிறாள். 1914ஐ ஒட்டித் தீட்டப்பட்ட இப்படத்தில், இளமைக் காலத்துக் கரி ஓவியங்களின் பெருங்கண்ணும் முதுமையின் மலர்களும் ஒரே சரிவில் கூடுகின்றன. கும்பகோணம் வாசகிக்கு இந்த ஓவியத்தைக் குறிப்பாகப் பரிந்துரைக்கிறேன்.

ரெதோன் புத்தரை வரைந்திருக்கிறாரா?
— வாசகர், காஞ்சிபுரம்

பலமுறை. 1896ஆம் ஆண்டுக் கல்லச்சுத் தொகுப்பிலேயே புத்தர் வந்துவிடுகிறார். 1905ஐ ஒட்டி வரைந்த பேஸ்டல் ஒன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கோலூன்றி, மரத்தருகே, மலர்கள் சிதறிய வெளியில் நிற்கிறார்.

என் மகள் பேஸ்டலில் பூக்கள் வரைகிறாள். வண்ணங்கள் கலந்து சேறாகிவிடுகின்றன என்று வருந்துகிறாள். ரெதோனிடமிருந்து அவள் எதைக் கற்கலாம்?
— வாசகி, திருநெல்வேலி

இரண்டு செய்திகளைச் சொல்லத் தோன்றுகிறது. ரெதோன் எல்லா இடத்திலும் தேய்த்துக் கலக்கவில்லை. பின்னணியை மட்டும் மென்மையாகத் தேய்த்துவிட்டு, பூவின் இதழ்களைத் தனித்தனித் தீற்றலாக அதன்மேல் வைத்து, பிறகு தொடாமல் விட்டுவிடுவார். நீலத்தின் அருகே ஆரஞ்சு, ஊதாவின் அருகே மஞ்சள் என்று எதிர் வண்ணங்கள் கலக்காமல் பக்கத்தில் நிற்பதால்தான் அவை ஒளிர்கின்றன. உங்கள் மகள் சற்றே சொரசொரப்பான, நிறமுள்ள தாளை எடுத்து, விரலுக்கு வேலையைக் குறைத்துப் பார்க்கட்டும்.

மற்றொன்று அவர் தம் பழக்கமாகவே எழுதிவைத்தது. ஒரு கூழாங்கல்லையோ புல்லின் தாளையோ ஒரு கையையோ நுணுக்கமாகப் பார்த்து வரைந்து முடித்த பிறகே, மனம் கொதித்தெழுந்து கற்பனையைப் படைக்கத் துடிக்கும் என்கிறார். கற்பனைப் பூவை வரையும் முன் நிஜச் செம்பருத்தியொன்றை, மகரந்தத் தண்டு வரை, பென்சிலால் வரையச் சொல்லுங்கள்.

இவற்றை எங்கே பார்க்கலாம்?
— வாசகர், சென்னை

ஓர்சே அருங்காட்சியகத்தில்தான் பெருந்தொகுப்பு இருக்கிறது. மகன் அரியின் குடும்பம் வழியாக வந்தவை அவற்றுள் பல. தொமெசி பிரபுவின் மாளிகை உணவறைக்காக 1900–1901இல் ரெதோன் தீட்டிய பெரிய அலங்காரப் பலகைகளில் 15 அங்கேதான் உள்ளன. பேஸ்டலுக்கு வெளிச்சம் ஆகாது என்பதால் அவற்றை மங்கிய ஒளியில், மாற்றி மாற்றியே காட்சிக்கு வைப்பார்கள். போகிறவர்கள் எந்தப் படம் அப்போது சுவரில் இருக்கிறது என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்வது நல்லது. பயணம் இயலாதவர்கள், கிளீவ்லாந்து அருங்காட்சியகமும் நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் அருங்காட்சியகமும் இணையத்தில் இலவசமாகத் தந்திருக்கும் பெரிய அளவுப் படங்களைத் திறந்து, தாளின் நரம்பில் வண்ணத்தூள் ஒட்டியிருப்பது தெரியும் வரை பெரிதாக்கிப் பாருங்கள். முதலில் கரி ஓவியங்களைப் பார்த்துவிட்டுப் பூக்களுக்கு வருவது நல்ல வரிசை.