பெண் பிள்ளைகளோடு வேலை செய்வது: நீங்கள் கேட்டவை

வசதி குறைந்த பகுதிகளில் வளரிளம் பெண்களுக்காக அமைப்பு நடத்துபவர்களும் தொடங்க நினைப்பவர்களும் கேட்ட கேள்விகளிலிருந்து சில.

அக்கா, வருடத்துக்கு ஒரு பெரிய விழா வைத்து, சாதித்த பெண்களைப் பேச அழைக்கலாம் என்று இருக்கிறோம். பயன் உண்டா?

கைதட்டல் நிச்சயம் உண்டு. ஆனால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை போய்ப் பேச யார் இருக்கிறார்? அதே பணத்தில் சின்னதாக ஒரு அறை பிடித்து, வாராவாரம் ஒரே நேரத்தில் கூடுங்கள். உகாண்டாவில் பிராக் (BRAC, வங்கதேசத்தில் தொடங்கிய தொண்டு நிறுவனம்) வளரிளம் பெண்களுக்கு நடத்திய கிளப்புகளில் பெரிய வித்தை எதுவும் இல்லை. பள்ளி விட்டதும் கூடும் ஓர் இடம், உடல்நலம் பற்றிய பேச்சு, கைத்தொழில் பயிற்சி, அவ்வளவுதான். நான்கு வருடம் கழித்துப் பார்த்தபோது, கிளப் இருந்த ஊர்களில் பதின்வயதுக் கர்ப்பம் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது.

குழுவை நடத்த சமூகப்பணி படித்தவர்தான் வேண்டுமா?

வேண்டாம். அதே பகுதியில் வளர்ந்த, ஐந்தாறு வயது மூத்த பெண் போதும். நன்றாகப் பயிற்சி கொடுங்கள், அப்புறம் சம்பளமும் கொடுங்கள். ‘சேவைதானே’ என்று அவளை இலவசமாக வேலை வாங்கிவிட்டு, பெண்களின் உழைப்புக்கு மதிப்பு வேண்டும் என்று பாடம் எடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

சீக்கிரம் கல்யாணம் செய்துவைக்கப் பார்க்கிறார்கள். பிள்ளைக்கு எப்படித் தைரியம் கொடுப்பது?

பன்னிரண்டு வயதுப் பிள்ளை தைரியமாகி என்ன செய்வாள்? முடிவெடுப்பது அவள் இல்லையே. முடிவெடுப்பவர்களிடம் போங்கள். எத்தியோப்பியாவின் அம்ஹாரா பகுதியில் 2004இல் தொடங்கிய பெர்ஹானே ஹெவான் திட்டத்தில் பெண்களுக்குக் குழு இருந்தது, படிப்புக்கு உதவி இருந்தது. கூடவே ஊராரோடு தொடர்ந்து உரையாடல் நடந்தது. இரண்டு வருடம் மகளுக்குக் கல்யாணம் செய்யாமல், திட்டத்திலும் தொடர்ந்து இருக்கவிட்ட வீட்டுக்கு ஓர் ஆடு. சிரிப்பு வரலாம். ஆனால் 10 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளின் திருமணம் வெகுவாகக் குறைந்தது. ஏழை வீட்டில் கல்யாணத்துக்குப் பின்னால் ஒரு வரவு செலவுக் கணக்கும் இருக்கும். அதைத் தொடாமல் அறிவுரை மட்டும் சொன்னால் எடுபடாது.

நாப்கின் கொடுத்தால் பள்ளி வருகை கூடுமா?

நேபாளத்தில் நாப்கினுக்குப் பதில் மாதவிடாய்க் கப் (உடலுக்குள் வைத்து, கழுவித் திரும்பப் பயன்படுத்தும் சின்னக் கிண்ணம்) கொடுத்து ஆராய்ந்தார்கள். வருகை கூடவில்லை. மாதவிடாயால் அந்தப் பிள்ளைகள் தவறவிட்டதே வருடத்துக்கு ஒரு நாள்கூட இல்லை. ஆனால் மாதவிடாய்த் துணி துவைக்கும் நேரம் மிச்சமானது, பலர் கப்பைத் தொடர்ந்து பயன்படுத்தினார்கள். ஆகவே கொடுங்கள், அது அவர்களின் தேவை. வருகைக்கு மருந்து என்று மட்டும் நன்கொடையாளரிடம் சொல்லிவிடாதீர்கள். எல்லா ஊரிலும் இதே கதையாக இருக்காது. பிள்ளை ஏன் வரவில்லை என்று முதலில் அவளையே கேளுங்கள். பீகாரில் தடையாக இருந்தது தூரம். 2006இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்கு அரசு சைக்கிள் கொடுத்தது, உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்கள் சுமார் 30 சதவீதம் கூடினார்கள்.

ஒரு சிறுமி, ‘யாரிடமும் சொல்லாதீங்க’ என்று தனக்கு நடந்த கொடுமையைச் சொன்னாள். என்ன செய்ய?

சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்யாதீர்கள். ‘உன்னைப் பாதுகாக்கக்கூடிய ஒருவரிடம் மட்டும் சொல்வேன், அது யார் என்று உன்னிடம் சொல்லிவிட்டுத்தான்’ என்று நேராகச் சொல்லுங்கள். துருவித் துருவிக் கேட்கக் கூடாது. விசாரிப்பது உங்கள் வேலை இல்லை. நீங்கள் எடுத்துக்கொடுக்கும் வார்த்தைகள் பின்னால் வழக்கையே கெடுக்கலாம். அவள் சொன்னதை அவள் வார்த்தையிலேயே அன்றே எழுதி வையுங்கள். குழந்தைகள் பாதுகாப்புக்குப் பொறுப்பான அதிகாரியிடம் உடனே கொண்டுபோங்கள். வீட்டிலேயே ஆபத்து என்றால் வீட்டாருக்குத் தகவல் சொல்லுமுன் அந்த அதிகாரியிடம் ஆலோசியுங்கள்.

யாரிடம் போவது என்பதை அமைப்பு தொடங்கும் நாளிலேயே எழுதி வைத்திருக்க வேண்டும். குற்றம் செய்தவர் உங்கள் ஆளாகவே இருந்தால்? அதற்கு அமைப்புக்கு வெளியே ஒருவரின் எண் பிள்ளைகள் கையில் இருக்கட்டும்.

நன்கொடையாளர் படம் கேட்கிறார். ‘முன்பு அழுதாள், இப்போது சிரிக்கிறாள்’ மாதிரி.

கொடுக்காதீர்கள். இணையத்தில் ஏறிய படம் அவளுக்கு இருபத்தைந்து வயதாகும்போதும் அங்கேயே இருக்கும். கூட்டம் நடந்த நாட்கள், வந்தவர்கள், பாதியில் நின்றுவிட்டவர்கள், நின்ற காரணம்: இதை அனுப்புங்கள்.

பையன்களையும் சேர்க்கலாமா?

அவர்களுக்கு வேறு நேரத்தில் தனியாக நடத்துங்கள், அவசியமும்கூட. பெண்கள் வாராவாரம் கூடும் அந்த நேரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.