மொன்டானாவில் உள்ள ரோப்பிங் குதிரையை நேரில் பார்க்காமல் வாங்கலாமா?

வாங்கலாம். ஆனால் நீங்கள் இப்போது நினைத்திருக்கும் விதத்தில் வேண்டாம்.

டெக்சாஸில் இருக்கிறீர்கள், மொன்டானாவில் ‘ரான்ச் மற்றும் ரோப்பிங் குதிரை’ (மாட்டுப் பண்ணை வேலைக்கும், கயிறு வீசிக் கன்று பிடிக்கும் போட்டிக்கும் ஆனது) என்று ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது, விற்பவர் காணொளிகள் அனுப்பியிருக்கிறார், அவற்றை வைத்தே முடிவெடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். யாருக்கு வாங்குகிறீர்கள் என்று எழுதவில்லை. பிள்ளைக்காகத்தான் இருக்கும். நமக்கென்றால் இத்தனை அவசரப்பட மாட்டோம். “விற்பவர் நல்ல மனிதராகத் தெரிகிறார்” என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகுதான் பதில் எழுத உட்கார்ந்தேன். எனக்கு விற்றவரும் நல்ல மனிதர்தான். அவர் பொய் சொன்னார் என்று இன்றைக்கும் நான் சொல்லமாட்டேன்.

நான் செவிலியர். டெக்சாஸின் ஸ்டீபன்வில் பக்கம் குடியிருக்கிறோம். கௌபாய் தலைநகர் என்று தன்னை அழைத்துக்கொள்ளும் ஊர் இது. சுற்றுவட்டாரத்தில் தொழில்முறை ரோப்பிங் வீரர்கள் நிறையப் பேர் வசிக்கிறார்கள். 2020 டிசம்பரில் ஆர்லிங்டனில் பெண்களின் பிரேக்அவே ரோப்பிங்கிற்கு முதல் முறையாகத் தேசிய இறுதிப் போட்டி நடந்தது. என் மகளுக்கு அப்போது பத்து வயது. அன்று அவளைப் பிடித்த ஆசை இன்றுவரை விடவில்லை. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கன்றுக்குட்டியை முன்னால் விடுவார்கள், குதிரை பின்னால் பாயும், சவாரி செய்பவர் சுருக்குக் கயிற்றைக் கன்றின் கழுத்தில் வீசுவார். கயிற்றின் மறுமுனை சேணத்தின் கொம்பில் மெல்லிய நூலால் கட்டியிருக்கும். சுருக்கு விழுந்ததும் குதிரை சட்டென்று நிற்க வேண்டும். கன்று ஓடுகிற வேகத்தில் நூல் அறும், கடிகாரம் நிற்கும். தேர்ந்தவர்களுக்கு இரண்டு மூன்று விநாடியில் எல்லாம் முடிந்துவிடும். கன்றைக் கீழே தள்ளுவதும் இல்லை, கால்களைக் கட்டுவதும் இல்லை. மிருகவதை என்று பின்னூட்டம் எழுத வருபவர்கள் ஒரு முறை பார்த்துவிட்டு எழுதட்டும்.

2023 வசந்தத்தில் அவளுக்கென்று ஒரு குதிரை தேடினோம். எங்கள் ஊர் ரோப்பிங் ஊர் என்பதால் பழகிய குதிரைக்கு இங்கே இருபத்தைந்தாயிரம் டாலருக்குக் குறைவாக யாரும் பேச்சையே தொடங்கவில்லை. வடக்கே தேடியபோது மொன்டானாவில் பதினொரு வயது கெல்டிங் (விதையடித்த ஆண் குதிரை) ஒன்று பதினாறாயிரத்துக்குக் கிடைத்தது. குவார்ட்டர் குதிரை என்ற அமெரிக்க இனத்துக்கான சங்கத்தின் பதிவு இருந்தது. நல்ல பழுப்பு நிறம், அகன்ற நெற்றி, அமைதியான கண்கள். ஒன்பது காணொளிகள் வந்தன. பனியில் மாடு ஓட்டுகிறது. மேலே இருப்பவர் இறங்காமலே வாயிற்கதவைத் திறக்க ஒதுங்கி நிற்கிறது. கன்றுகளுக்குச் சூட்டுக்குறி போடும் நாளில் கன்றைக் கயிற்றில் நெருப்பருகே நிதானமாக இழுத்து வருகிறது. ஒரு கிழவர் ஏறுகிறார், ஒரு சிறுமி ஏறுகிறாள், இருவரிடமும் ஒரே பொறுமை. கடைசி மூன்றும் அரங்கில் ரோப்பிங் செய்யும் காணொளிகள். மகள் அவற்றை எத்தனை முறை பார்த்தாள் என்று எனக்குக் கணக்கில்லை.

நானும் பார்த்தேன். ஆனால் அந்த மூன்று காணொளிகளும் குதிரை பாக்ஸை விட்டு வெளியே பாய்ந்த பிறகுதான் தொடங்குகின்றன என்பதைக் கவனிக்கவில்லை. அரங்கின் ஓரத்தில் கன்று விடும் கூண்டுக்குப் பக்கத்தில் குதிரை பின்வாங்கி நின்று காத்திருக்கும் இடத்தைத்தான் பாக்ஸ் என்கிறோம். ரோப்பிங் குதிரையின் பாதி குணம் அங்கேதான் தெரியும். சவாரி செய்பவர் தலையசைக்கும் வரை அசையாமல் நிற்க வேண்டும். அசைந்து முன்னே போய்விட்டால் பாக்ஸின் முன்னால் கட்டியிருக்கும் தடைக்கயிறு அறுந்து பத்து விநாடி தண்டனை. இன்னொன்றையும் நான் பார்க்கவில்லை. வட்டமாக ஓட்டிக் காட்டிய காணொளிகளில் குதிரை இடப்பக்கம் மட்டுமே சுற்றியது.

‘ரான்ச் மற்றும் ரோப்பிங்’ என்பதில் இருக்கும் அந்த ‘மற்றும்’ இரண்டு வேறு உத்தியோகங்களை ஒன்றாகக் கட்டிவிடுகிறது. ரான்ச் குதிரைக்கு நாள் முழுக்க நடை, பொறுமை, மாட்டின் போக்கை அறியும் புத்தி. அரங்கக் குதிரைக்கு நின்ற நிலையிலிருந்து முழு வேகம், அடுத்த கணம் முழு நிறுத்தம், இதையே ஒரு மாலையில் இருபது முறை. இருவர் சேர்ந்து ஒரு மாட்டைக் கயிற்றால் பிடிக்கும் டீம் ரோப்பிங் என்றால் அதற்குள்ளும் பிரிவு உண்டு: மாட்டின் தலையைப் பிடிப்பவருக்கு எடையை இழுத்துத் திருப்பும் திடமான குதிரை, பின்னங்கால்களைப் பிடிப்பவருக்குச் சட்டென்று குறுக்கே திரும்பும் குதிரை. உங்கள் விளம்பரத்தில் இதில் எது என்று எழுதியிருக்கிறதா? எழுதியிருக்காது. எங்களுக்கும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை.

மருத்துவப் பரிசோதனை செய்யவில்லையா என்று கேட்பீர்கள். செய்தேன். விற்றவர் சொன்ன மருத்துவரையே வைத்துச் செய்தேன். அடுத்த மருத்துவர் தொண்ணூறு மைல் தள்ளி இருந்தார். அவர்தான் அந்தப் பண்ணையின் கால்நடைகளையும் பார்க்கிறவர். அவர் நேர்மையாகத்தான் எழுதினார் என்று நம்புகிறேன். இதயம், நுரையீரல், கண், பல் எல்லாம் சரி. காலை ஒரு நிமிடம் மடக்கிப் பிடித்துவிட்டு உடனே ஓடவிட்டுப் பார்க்கும் சோதனையில், “வலது முன்னங்கால், லேசான எதிர்வினை.” எக்ஸ்-ரே வேண்டுமா என்று கேட்டார். எழுநூறு டாலர் கூடுதல். லேசானதுதானே என்று வேண்டாம் என்றேன். இருபது வருடமாக நோயாளிகளின் குறிப்பேடுகளைப் படிக்கிறவள் நான். ‘லேசான’ என்ற சொல்லைப் பார்த்துவிட்டு எந்த நோயாளியையும் படம் எடுக்காமல் வீட்டுக்கு அனுப்பச் சம்மதித்ததில்லை. இதை எழுதும்போதும் மனம் கூசுகிறது.

காகிதங்களில் குறையே இல்லை. மொன்டானாவில் குதிரை கைமாறுவதற்கு முன் உரிமையைக் காட்டும் சூட்டுக்குறியைச் சரிபார்க்கும் ஆய்வாளர் வந்து பார்த்துச் சான்று தர வேண்டும், தந்தார். குதிரைகளின் தொற்று இரத்தசோகைக்கான காகின்ஸ் சோதனை, உடல்நலச் சான்று இரண்டும் வந்தன. மரபணுச் சோதனைக்குப் பிடரி மயிரை வேரோடு பிடுங்கி அஞ்சலில் அனுப்பினார்கள், முடிவு சுத்தம். தொலைவால் எந்த நஷ்டமும் வராத சோதனை அது ஒன்றுதான், அதைக் கட்டாயம் செய்யுங்கள். குவார்ட்டர் குதிரைகளில் தசையைப் பாதிக்கும் நோயும், சேணம் பட்ட இடத்தில் தோல் உரிந்துபோகும் நோயும் பரம்பரையாக வருபவை. கண்ணுக்கு எதுவும் தெரியாது.

ஆயிரத்து இருநூறு மைலுக்கும் மேல் டிரெய்லரில் வந்தது. நெடுந்தூரம் தலையை உயர்த்திக் கட்டிக் கொண்டுவந்தால் சளியும் தூசியும் இறங்க வழியில்லாமல் நுரையீரலில் சீழ் பிடிக்கும் ஆபத்து உண்டு. அதனால் வந்த நாளிலிருந்து ஒரு வாரம் காலையும் மாலையும் நானே காய்ச்சல் பார்த்தேன். குதிரைக்கு 99 முதல் 101 டிகிரி பாரன்ஹீட் இயல்பு. ஒரு நாளும் அதைத் தாண்டவில்லை. அங்கே தின்ற புல்லையே நான்கு கட்டு கூட அனுப்பச் சொல்லி, எங்கள் புல்லை அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்தேன். திடீரென்று தீனி மாற்றினால் வயிற்றுவலி வரும். இதிலெல்லாம் நான் ஒரு குறையும் வைக்கவில்லை என்பதைச் சொல்லிக்கொள்ள விரும்புகிறேன். ஏனென்றால், “குதிரையை வைத்துக்கொள்ளத் தெரியாமல் கெடுத்தாய்” என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார்.

மேய்ச்சல் நிலத்தில் அது தங்கம். பாக்ஸுக்குள் விட்டதும் வேறு பிராணி. உடல் நடுங்கும், பின்னங்காலில் உட்காரும், கடிவாளத்தைக் கடித்து இழுக்கும். மூன்றாம் நாள் முன்னங்கால்களைத் தூக்கி எழுந்து நின்றது. மகள் சேணத்திலிருந்து சரிந்து வேலியில் மோதினாள். தோளில் சிராய்ப்பு மட்டும். அடுத்து அவள் சொன்னதுதான் எனக்கு வலித்தது: “அம்மா, அதைத் திட்டாதே. அது பயப்படுகிறது.” பயிற்சியாளரும் அதையேதான் வேறு சொற்களில் சொன்னார். “இதன் குணத்தைத் திருத்துவதற்கு முன் காலைப் பாருங்கள். பாக்ஸைக் கண்டு பயப்படவில்லை. பாக்ஸுக்குப் பிறகு வரப்போகும் நிறுத்தத்தைக் கண்டு பயப்படுகிறது.”

இங்கே எக்ஸ்-ரே எடுத்தோம். வலது முன் குளம்புக்குள் இருக்கும் நாவிகுலர் என்ற சிறிய எலும்பு தேய்ந்திருந்தது. பெரிய உடலும் சிறிய குளம்பும் கொண்ட குவார்ட்டர் குதிரைகளில் இது அடிக்கடி வருவது. வலப்பக்கம் வட்டமிடும்போது அந்தக் கால் உள்ளே வந்து நொண்டல் தெரியும். காணொளி ஏன் இடப்பக்கமே சுற்றியது என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. வேண்டுமென்றே அப்படி எடுத்தார்களா, குதிரைக்கு வசதியான பக்கம் என்று பழகிவிட்டதா, தெரியாது. ரான்ச் வேலையில் அந்தக் கால் அதற்குப் பெரிய தொல்லை தந்திருக்காது என்றே நினைக்கிறேன். அவர் விற்றது நல்ல ரான்ச் குதிரை. நான் வாங்கியது அந்த ‘மற்றும்’ என்பதற்குப் பிறகு வந்த சொல்லை.

என் தாத்தா அந்தியூர்க்காரர். ஆடி மாதம் குருநாதசுவாமி கோயில் திருவிழாவில் மாடும் குதிரையும் கூடும் சந்தைக்கு என்னையும் அழைத்துப் போவார். ஒரு சோடிக் காளை வாங்க மூன்று நாள் அங்கேயே கிடப்பார். பல்லைப் பார்ப்பார், சுழி பார்ப்பார். அதற்கெல்லாம் மேலாக, காலையில் படுக்கையிலிருந்து எழும்போது பார்ப்பார், தண்ணீருக்குப் போகும்போது பார்ப்பார், ஏர்காலில் கட்டி இரண்டு பக்கமும் திருப்பிப் பார்ப்பார். பிறகுதான் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவது. அவருடைய பேத்தி நானூறு டாலர் விமான டிக்கெட்டை மிச்சம் பிடிக்க நினைத்தேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். குதிரை வந்த செய்தி பரவியதும் நம் ஆட்கள் குடும்பம் குடும்பமாக வரத் தொடங்கினார்கள். “பையனை ஒரு நிமிடம் ஏற்றுங்கள், ஒரு போட்டோ.” செருப்புக் காலோடு, தலைக்கவசம் இல்லாமல், அழுகிற மூன்று வயதுக் குழந்தையை. கால் நோகும் குதிரை என்று சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். அதே ஆட்கள்தான், “அந்தப் பணத்துக்கு ஊரில் ஒரு மனை வாங்கிப் போட்டிருக்கலாமே” என்று என் மாமியாரிடம் தொலைபேசியில் பேசுகிறவர்கள். வார இறுதியில் இரண்டு பணிநேரம் கூடுதலாக வேலை செய்துதான் இந்தக் குதிரைக்குத் தீனி போடுகிறேன். பணக்காரி என்று யாரும் எழுத வேண்டாம்.

இனி உங்கள் விஷயம். போய்ப் பாருங்கள். முன்கூட்டியே ஆயத்தம் செய்து சேணம் கட்டி நிறுத்திவைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போங்கள்; மேய்ச்சலில் இருந்து பிடிப்பதையே பாருங்கள். விற்பவர் முதலில் ஏறட்டும், பிறகு நீங்கள், பிறகு பிள்ளை. மறுநாள் காலையில் இன்னொரு முறை, முந்தைய நாள் ஓடிய கால் விறைத்திருக்கிறதா என்று பார்க்க. மருத்துவர் விற்பவரின் மருத்துவராக இருக்கக்கூடாது. நான்கு கால்களுக்கும் எக்ஸ்-ரே வேண்டும். அன்றே இரத்தம் எடுத்துப் பாதுகாத்து வைக்கச் சொல்லுங்கள். வலி மருந்தோ மயக்க மருந்தோ கொடுத்திருந்தார்களா என்ற சந்தேகம் பின்னால் வந்தால் சோதிக்க அது ஒன்றுதான் வழி. மூட்டுகளில் ஊசி போட்டிருக்கிறார்களா, குளம்பின் நரம்பை வெட்டியிருக்கிறார்களா என்பதை எழுத்தில் கேளுங்கள். நரம்பு வெட்டிய குதிரை வலி தெரியாமல் அழகாக ஓடும். ஊசி போட்டிருந்தால் பயப்பட வேண்டாம். பத்து வயதைத் தாண்டிய உழைக்கும் குதிரைக்கு அது பராமரிப்புதான். மறைத்தால்தான் தவறு.

படங்களையும் மருத்துவ அறிக்கையையும் வைத்துக்கொண்டு என் குதிரையை நான் விற்கவும் முயன்றேன். ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். பிறகு அவரே வேறு ஒருவருக்கு ‘ரோப்பிங் குதிரை’ என்று விளம்பரம் செய்யப் போகிறார் என்று தெரிந்ததும் மறுத்துவிட்டேன். இப்போது பின்பக்கம் உயர்த்திய லாடம், ஐந்து வாரத்துக்கு ஒரு முறை. பக்கத்துப் பண்ணையில் வாரம் இரண்டு நாள் மாடு சேர்க்கப் போகிறது, நடையிலேயே. மகள் ரோப்பிங் செய்வது இருபது மைல் தொலைவில் வாங்கிய ஒரு பெண் குதிரையில். ஐந்து முறை போய் ஏறிப் பார்த்த பிறகுதான் அதற்குப் பணம் கொடுத்தேன்.

நாளைக் காலையே விற்பவரிடம் ஒரு காணொளி கேளுங்கள்: வெட்டாமல், ஒரே எடுப்பில், பாக்ஸுக்குள் நுழைவதில் தொடங்கி, நிற்பது, ஓடுவது, நிறுத்துவது, மறுபடி பாக்ஸுக்குத் திரும்பி வருவது வரை. அந்த இரண்டாம் முறை உள்ளே போகும்போது அதன் காதுகளையும் முன்னங்கால்களையும் பாருங்கள். நன்றாக இருந்தால், மொன்டானாவின் பில்லிங்ஸுக்கு விமான டிக்கெட் எடுங்கள்.